அரக்கு முதல் எப்பாக்சி வரை: ஒரு சின்னப் பெட்டியின் கதை

கடம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் போளிதான் ஞாபகம் வரும். எனக்குக் கடம்பூர் மாமனார் ஊர். புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராக 34 வருடம் கோப்புக் கட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் மனைவியின் விருப்பத்துக்காக இங்கே வந்து குடியேறியவன் நான். கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பக்கத்து இடைசெவலிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க் குடியிருந்தார். நான் அங்கிருந்து இங்கே வந்தேன். "கணக்கு நேராயிட்டு" என்பாள் என் மனைவி.

இன்று எழுத வந்தது என் மைத்துனர் மகன் செய்கிற ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி. அதற்குள் எதை ஊற்றி மூடுவது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் என் அவசர யோசனையால் ஒரு சம்சாரியின் மோட்டார் எரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மருமகன் பாலிடெக்னிக் படித்தவன். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், டப்பா டப்பாவாகச் சாமான்கள். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டால் மோட்டாரைத் தானாக நிறுத்திவிடும் கருவி ஒன்று செய்கிறான். இந்தப் பக்கத்துக் கிணறுகள் உங்களுக்குத் தெரியும். மாசி பிறந்துவிட்டால் ஒரு மணி நேரம் இறைத்தால் தரை தெரியும். ராத்திரி கரண்டு எப்போது வருமோ, அப்போது மோட்டார் ஓடும். பக்கத்தில் ஆள் விழித்திருக்க முடியுமா? தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடேறி, காயில் எரிந்து போகும்.

கருவியின் உயிர் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சர்க்யூட் போர்டு. அது இருக்கப்போகிற மோட்டார் ரூமில் ஐப்பசி, கார்த்திகையில் சுவரெல்லாம் ஈரம். சித்திரையில் அனல். வருடம் முழுக்க எறும்பு, பல்லி, கரிசல் புழுதி. ஆகவே போர்டைச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மேலே ஒரு குழம்பை ஊற்றி இறுக விட்டுவிட வேண்டும். இதற்குத் தொழிலில் 'பாட்டிங்' என்று பெயர். ஊற்றுகிற பொருள் 'பாட்டிங் காம்பவுண்ட்'. அவன் முதலில் சொன்னபோது என் மனைவி, "பாட்டிய எதுக்குடா காம்பவுண்டுக்குள்ள விடுதே?" என்றாள்.

முதல் 20 பெட்டிகளை மூடுகிற நேரத்தில் அவனிடம் பணம் இல்லை. நான்தான், "குளியலறைச் சந்து அடைக்கிற சிலிக்கோன் குழாய் கடையில் கிடைக்குமே, அதைப் பிதுக்கி மூடிவிடு. தண்ணீர் போகாது" என்று சொன்னேன். அப்படியே செய்தான். காயும்போது அறை முழுக்கப் புளித்த வாடை. எனக்கு அது சின்ன வயதில் புதுச்சேரி வீட்டில் வைத்திருந்த வினிகர் வாடை. ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி சந்தோஷம் வேறு.

புரட்டாசியில் போட்ட பெட்டிகளில் மாசிக்குள் 8 போய்விட்டன. அதில் ஒன்று நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை. ஏழரைக் குதிரை மோட்டார், ராத்திரி முழுக்க வெறுங்கிணற்றில் ஓடி எரிந்தது. மறுபடி காயில் கட்டி இறக்க 12 நாள். அதற்குள் மிளகாய்ச் செடி வாடிவிட்டது. நானும் மருமகனும் போய் நின்றோம். அந்த மனிதர் சத்தம் போடவில்லை. "தம்பி, பெட்டி இருக்குன்னு நம்பித்தான் தூங்கிட்டேன்" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பி வரும்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டில் கத்தியால் சிலிக்கோனை உரித்துப் பார்த்தோம். உள்ளே செப்புத் தடங்களெல்லாம் பச்சை. சாதாரணக் குளியலறைச் சிலிக்கோன் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. வினிகரின் புளிப்பும் அதேதான். மூடிய டப்பாவுக்குள் அது செம்பைத் தின்றிருக்கிறது. செம்புப் பாத்திரத்தில் புளியைப் போட்டு வைக்காதே, களிம்பு ஏறும் என்று நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். தெற்குப் பிரான்சில் மோன்பெல்லியே என்ற ஊரில், ஒயின் பிழிந்த திராட்சைச் சக்கையில் செப்புத் தகடுகளை அடுக்கி வைத்து, ஏறுகிற களிம்பைச் சுரண்டிப் பச்சைச் சாயமாக விற்பார்கள் என்று பள்ளியில் படித்தவன் நான். அதன் பெயர் 'வெர் த கிரி' என்று இன்றும் நாக்கில் வருகிறது. பரீட்சைக்குப் படித்தது வாழ்க்கைக்கு உதவவில்லை.

அந்த வெட்கத்தில்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மருமகன் இன்றைய ரசாயனத்தைப் பார்த்துக்கொண்டான். நான் பழைய கதையைப் பார்த்துக்கொண்டேன்.

தேடியதில் முதலில் வந்து நின்றது என் அலுவலக மேசைதான். டெண்டர் உறை, ரகசியக் கடிதம், இன்ஷூர் செய்த தபால் எல்லாவற்றுக்கும் அரக்கு முத்திரை வைத்த கை இது. மெழுகுவத்திச் சுடரில் அரக்குக் குச்சியைக் காட்டி, சொட்டவிட்டு, பித்தளை முத்திரையை ஈரப்படுத்தி அழுத்த வேண்டும். மே மாதத்தில் அடுக்கி வைத்த உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மார்கழியில் உறையை லேசாக வளைத்தால் முத்திரை 'டக்'கென்று விரியும். அதிகாரி என்னைத்தான் பார்ப்பார்.

பள்ளியில் 'கோம்-லாக்' என்ற ஒரு பிசின் பற்றிப் பாடம் இருந்தது. இந்தியாவிலிருந்து வருவது, மின்சாரத்தைக் கடத்தாதது என்று மனப்பாடம் செய்தேன். அது நம் அரக்குதான் என்பது வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரந்து வைப்பது. ராஞ்சி பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924லேயே அரக்குக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. மின்சாரக் கம்பிச் சுருளுக்கு உறை, மரச்சாமானுக்கு மெருகு, இசைத்தட்டு என்று உலகம் முழுவதற்கும் அரக்கு போய்க்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் மின்சாரக் கம்பியை ஒரு குழம்புக்குள் புதைத்து ஈரத்திலிருந்து காப்பாற்றும் வேலை நம் நாட்டில் அதற்கும் வெகு முன்பே நடந்திருக்கிறது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓ'ஷாக்னஸி என்ற ஐரிஷ் டாக்டர்தான் அதைச் செய்தவர். 1839இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் கம்பி கட்டித் தந்தி அனுப்பிப் பார்த்தார். ஹூக்ளி ஆற்றுக்குள்ளும் கம்பி போட்டார். கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் வைத்து, மேலே தார் தோய்த்த நூலைச் சுற்றினாராம். பிளாஸ்டிக் என்ற பேச்சே இல்லாத காலம்.

டல்ஹௌசி பிரபு காலத்தில், 1851இல், கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பர் பக்கம் முதல் தந்திப் பாதை வந்தபோது, அதில் ஒரு பகுதியைப் பூமிக்கடியில் போட்டார். விரல் பருமன்கூட இல்லாத இரும்புக் கம்பி. அதன்மேல் உருக்கிய கீலில் தோய்த்த மதராஸ் துணி இரண்டு சுற்று. அதை வரிசையாக வைத்த கூரை ஓடுகளுக்குள் கிடத்தி, மேலே பிசினும் மணலும் சேர்த்து உருக்கிய குழம்பை ஊற்றினார். மதராஸ் துணி என்று படித்தபோது, எந்தத் தறியில் எவர் நெய்ததோ என்று நினைத்துக்கொண்டேன். இதைப் படித்துக் காட்டியதும் மருமகன், "மாமா, இது அப்படியே பாட்டிங்! ஓடுதான் டப்பா" என்றான்.

அவனுக்கு ஆச்சரியம் அந்த மணல். வெறும் பிசினை உருக்கி ஊற்றினால் ஆறும்போது சுருங்கும், வெடிக்கும். மணல் சேர்த்தால் சுருக்கம் குறைகிறது, உறுதி கூடுகிறது, செலவும் குறைகிறது. கிராமபோன் இசைத்தட்டிலும் இதே சூத்திரம்தான். 78 சுற்றுத் தட்டில் அரக்கு ஒரு பங்குதான், பெரும்பங்கு கல் பொடி. கீழே விழுந்தால் அது ஏன் அப்பளம் மாதிரி நொறுங்கியது என்பது இப்போது புரிகிறது. பேரப்பிள்ளைகளின் பாட்டுப் பொம்மையைப் பிரித்தால் பச்சைப் போர்டில் ஒரு கருப்புச் சொட்டு தெரியும். உள்ளே இருக்கும் சில்லை மூட வைத்த எப்பாக்சி அது. சில்லுகளுக்குப் போடும் கருப்பு உறையிலும் எடையில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. ஓ'ஷாக்னஸியின் ஓடு இன்னும் நம் பாக்கெட்டில் இருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

ஓ'ஷாக்னஸி காலத்திலேயே இன்னொரு பொருளும் புறப்பட்டு வந்தது. மலாய் நாட்டு மரத்துப் பால், பெயர் கட்டாபெர்ச்சா. அங்குள்ளவர்கள் அதை வெந்நீரில் இளக்கிக் கத்திப் பிடி செய்வதைப் பார்த்த மோன்ட்கோமரி என்ற டாக்டர் 1843இல் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். நான்கு வருடத்தில் ஜெர்மனியில் சீமென்ஸ் அதைக் கம்பிக்கு உறையாகப் போட்டார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் ஓடியது கட்டாபெர்ச்சாக் கம்பிதான். இருபது வருடத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கடல் தந்தி போய்விட்டது. ஆனால் கடலடியில் வருடக்கணக்காக நிலைக்கிற அதே பொருள், காற்றும் வெயிலும் பட்டால் காய்ந்து பொரிந்து போகும். நல்ல பொருள், கெட்ட பொருள் என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை என்று எனக்கு இந்த இடத்தில்தான் பட்டது. எங்கே இருக்கப்போகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

அரக்குக்கு மாற்று தேடித்தான் பேக்லண்ட் 1907இல் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். பழைய வீட்டுச் சுவிட்சின் கருப்பு நிறம் அவர் உபயம். ஆனால் அது இறுக வெப்பமும் அழுத்தமும் வேண்டும், இறுகும்போது தண்ணீரை வேறு வெளியே விடும். நுட்பமான போர்டின் மேல் ஊற்ற உதவாது. கேபிள் இணைப்புப் பெட்டிகளில் வெகுகாலம் உருக்கிய தார்தான் ஊற்றினார்கள். டியூப்லைட் சோக்குக்குள்ளும் அதுவே. கோடையில் சுவரில் கருப்பாக வழிந்து கோடு போட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இன்றைய கதை பல்லில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்தான் என்பவர் 1930களில் பல் செட் செய்வதற்கு, இறுகும்போது அதிகம் சுருங்காத ஒரு பிசினைத் தேடினார். கிடைத்ததுதான் எப்பாக்சி. பல் வைத்தியத்துக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. உரிமையை வாங்கிய சீபா நிறுவனம் 1940களின் நடுவில் 'அரல்டைட்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலந்து உடைந்த பாத்திரம் ஒட்டாத வீடு நம்மில் உண்டா?

மருமகனும் இரண்டாவது தடவை எப்பாக்சிக்குத்தான் போனான். கிலோக் கணக்கில் விற்கிற பிசினும் இறுக்கியும் வாங்கி வந்தான். முதல் நாளே ஒரு பாடம். எல்லாப் பெட்டிக்கும் ஒரேயடியாக ஒரு பெரிய பிளாஸ்டிக் கோப்பையில் கலந்தான். பத்தே நிமிடத்தில் கோப்பை தொட முடியாத சூடு, அடுத்து புகை, கோப்பை இளகிச் சரிந்தது. எப்பாக்சி இறுகும்போது தானே வெப்பத்தைக் கக்கும். மொத்தமாக இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், அல்லது அகலமான தட்டில் பரப்பி வைக்க வேண்டும். மணலின் இன்னொரு பலன் இங்கே தெரிகிறது. கல் பொடி சேர்ந்த கலவை சூட்டைத் தானும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

இறுகிய பெட்டிகள் பார்க்க அழகாக இருந்தன. கல் மாதிரி. சுத்தியலால் தட்டியும் ஒன்றும் ஆகவில்லை. சித்திரை, வைகாசி போனதும் சில பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மோட்டார் ரூம் இரும்புப் பெட்டிக்குள் ஒரு நாள் மத்தியானம் வெப்பமானி வைத்துப் பார்த்தோம், 62 டிகிரி. அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எப்பாக்சி 50, 60 டிகிரியிலேயே தன் கெட்டித்தன்மையை இழக்கத் தொடங்கிவிடும். ராத்திரி ஆறியதும் மறுபடி கல்.

விரிவுக் கணக்கைக் கேளுங்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் செம்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 17 பங்கு நீளும். கல் பொடி சேராத எப்பாக்சி சுமார் 60 பங்கு நீளும். பத்து சென்டிமீட்டர் பெட்டியில் 40 டிகிரி ஏறி இறங்கினால் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மயிரிழைப் பருமன். அற்பம்தான். ஆனால் உள்ளே இருக்கும் கண்ணாடி டயோடு நெல்மணியைவிடச் சிறியது. கல்லுக்குள் பிடிபட்டுத் தினமும் இழுபட்டால் என்ன ஆகும்? இதை விளக்க நமக்குப் பாடப்புத்தகமே வேண்டாம். மழையில் ஊதிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற கரிசல் மண்ணின்மேல் அஸ்திவாரம் ஆழப்படுத்தாமல் கட்டிய வீட்டுச் சுவரைப் பார்த்தால் போதும். சுவர் பலமானதுதான். கீழே இருப்பது அசைகிறது, சுவர் வளைந்து கொடுக்கவில்லை, அதனால் விரிகிறது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம் வந்தது. அஷ்டபந்தனம் இடிக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். சாமி சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே அபிஷேகத் தண்ணீர் இறங்காமல் சாத்துகிற மருந்து அது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது வழக்கம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் கல், காவிக்கல், செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆக எட்டு. கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் இடித்துக்கொண்டே இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது மெழுகு மாதிரி இளகி வந்தது. இடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "வெண்ணெய் எதுக்குங்க?" என்று கேட்டேன். "வெண்ணெய் இல்லேன்னா நாளைக்கே தெறிச்சிரும். கூடிட்டா வெயிலுக்கு இளகிரும். கை சொல்லும் சார்" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அரக்கும் குங்கிலியமும் பிடிக்கிற சாமான். சுக்கான் கல்லும் காவியும் ஓ'ஷாக்னஸியின் மணல். பஞ்சு அவருடைய மதராஸ் துணி. மெழுகும் வெண்ணெயும் நெகிழ்வு தருகிற சாமான். ஐரோப்பியர்களின் பழைய முத்திரை அரக்கிலும் அரக்கு, மரப்பிசின், சுண்ணாம்புப் பொடி, ஜாதிலிங்கம்தான். என் மார்கழி முத்திரைகள் விரிந்ததற்குக் காரணம் எனக்கு 40 வருடம் கழித்துத் தெரிந்தது. அதில் நெகிழ்வு தரும் சாமான் குறைவு. மருமகன் எங்கள் எப்பாக்சியில் பிடிப்பதை மட்டும் வாங்கியிருக்கிறான். கல்லும் இல்லை, வெண்ணெயும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். சிரித்தான். "மாமா, அதுக்குப் பேரு ஃபில்லர், ஃபிளெக்சிபிலைசர். புத்தகத்துல இருக்கு" என்றான். இருந்தால் என்ன, இரண்டு பேரும் அதைப் பெட்டியில் போடவில்லையே!

மூன்றாவது தடவை நிதானமாகத் தேர்ந்தெடுத்தோம். மின்னணு வேலைக்கென்றே விற்கும் சிலிக்கோன் உண்டு, அது வினிகரை விடாது. 200 டிகிரி வரை தாங்கும், கடைசிவரை ரப்பராகவே இருக்கும், உள்ளே எதையும் இழுக்காது. ஆனால் விலை அதிகம், பிளாஸ்டிக் டப்பாவோடு சரியாக ஒட்டாது, சில வகைகள் கந்தகம் கலந்த ரப்பர் பக்கத்தில் பட்டாலே இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். இன்னொன்று பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவரின் குழு கண்டுபிடித்தது. நம் மெத்தை ஸ்பாஞ்சும் அதே குடும்பம். கல் பொடி கலந்தே கிடைக்கிறது, இறுகினாலும் நகம் அழுந்தும் அளவு மென்மை, சூடும் அதிகம் கக்காது. அதன் எதிரி, ஊற்றும் வரை ஈரம். மழை நாளில் டின்னைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நுரைத்துக் குமிழியாகிவிடும். அதன் இறுக்கியை முகர்வதும் நெஞ்சுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து, கையுறையும் முகமூடியும் போட்டுத்தான் வேலை. என்னை அந்த நேரத்தில் அறைக்குள் விடமாட்டான். எங்கள் கிணற்று மேட்டுக்கு அதுவே சரி என்று முடிவு செய்தோம்.

எதை ஊற்றினாலும் ஊற்றுவதற்கு முன் செய்கிற வேலைதான் முக்கால் பங்கு. எந்தப் பிளாஸ்டிக்கும் நீராவியை முழுக்கத் தடுப்பதில்லை, நாளாவட்டத்தில் கொஞ்சம் புகுந்தே தீரும். போர்டோடு கலவை இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் அந்த ஆவி துளியாகச் சேர இடமில்லை. விரல் வியர்வையோ, சால்டரிங் பிளக்ஸின் மிச்சமோ அடியில் இருந்தால் அங்கே ஒட்டாது, அந்தச் சந்தில்தான் களிம்பு தொடங்கும். ஆகவே ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவி, காய வைத்து, பிறகே ஊற்றுகிறான். ஊற்றும்போது ஒரு மூலையிலிருந்து மெல்ல, பாதி அளவு. குமிழி எல்லாம் மேலே வந்தபின் மீதி. திறந்த ரிலேயை உள்ளே வைத்து ஊற்றக்கூடாது, குழம்பு புகுந்து அதன் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். மூடிய ரிலேதான் வாங்க வேண்டும்.

சோதனையும் கடுமையாக வைத்தோம். ராத்திரி உப்புத் தண்ணீர் வாளியில், பகலில் மொட்டை மாடி வெயிலில். நடுவில் என் மனைவிக்குத் தெரியாமல் ஃப்ரீசரில். பத்து நாள் கழித்து 6 பெட்டியில் 4 பிழைத்தன. இரண்டில் தண்ணீர். கலவையில் ஒரு கீறல்கூட இல்லை. எப்படி?

அறுத்துப் பார்த்ததில் தண்ணீர் வந்த வழி தெரிந்தது. வெளியே வருகிற ஒயர். மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே பல மெல்லிய செப்பு இழைகள். இழைகளுக்கு நடுவே உள்ள சந்து வழியாக, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, வெளி முனையிலிருந்து தண்ணீர் ஊர்ந்து உள்ளே போயிருக்கிறது. கோட்டைக்கு மதில் கட்டிவிட்டுச் சாக்கடையைத் திறந்து விட்டிருக்கிறோம். இதற்கும் பழைய ஆட்களிடம் பதில் இருந்தது. கடல் தந்திக் கம்பியும் பல இழைதான். அந்த இழைகளுக்கு நடுவே கட்டாபெர்ச்சா, பிசின், மரத்தார் சேர்ந்த சாட்டர்டன் கலவையை நிரப்பித்தான் அட்லாண்டிக் கடலில் 1866இல் இறக்கினார்கள். மருமகன் செய்தது இன்னும் எளிது. கலவைக்குள் அமிழ்கிற இடத்தில் ஒயர் உறையைக் கொஞ்சம் சீவிவிட்டு, இழைகளின்மேல் ஈயம் உருக்கி ஊறவிட்டான். திரி அடைந்தது. வெளியே ஒயரை ஒரு வளைவாகத் தொங்கவிட்டான், மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

எழுத்தர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அரக்கு வைப்பதற்கு முன், உறைக்குள் எல்லாத் தாளும் இருக்கிறதா, கையெழுத்து, தேதி சரியா என்று இன்னொருவரை விட்டுப் படிக்கச் சொல்வோம். வைத்த பிறகு ஒரு கால்புள்ளிகூடச் சேர்க்க முடியாது. பாட்டிங்கும் அப்படித்தான். ஊற்றிய பிறகு பழுது பார்க்க முடியாது, அறுத்தெறியத்தான் முடியும். இப்போது ஒவ்வொரு போர்டையும் ஊற்றுவதற்கு முன் இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கிறோம். பட்டியலில் டிக் போடுவது என் வேலை. ஓய்வூதியம் வாங்குகிற கைக்கு மறுபடி ஒரு பதிவேடு.

போன இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் தாண்டி 40 பெட்டிகள் கிணற்று மேடுகளில் இருக்கின்றன. திரும்பி வந்தவை 2. ஒன்றை எலி ஒயரோடு கடித்துவிட்டது, இன்னொன்று இடி விழுந்து போனது.

மோட்டார் எரிந்தவருக்குக் காயில் கட்டிய செலவை மருமகன் தவணையாகக் கொடுத்துத் தீர்த்தான். என் ஓய்வூதியத்திலிருந்தும் கொஞ்சம் போயிற்று. அது தானம் அல்ல, கடன் அடைத்தது. புதுப் பெட்டியைக் காசு வாங்காமல் போட்டுக்கொடுத்தோம். போன மாசியில் அந்தப் பக்கம் போனபோது எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். தோட்டத்தில் மிளகாய் நன்றாக வந்திருந்தது.

"நல்லாத்தான் ஓடுது சார். தண்ணி வத்துனா டக்குன்னு நிக்கி" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இருந்தாலும் ராத்திரி ஒரு தடவ எந்திரிச்சுப் பாத்துட்டுத்தான் படுக்கேன்" என்றார்.

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வரும் கோடையிலும் போய்க் கேட்பேன்.